மருந்தடிக்கும் முன்: மலைத்தோட்டத்து மரம் ஏன் காய்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

இலை கருகியதும் பலரும் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். பனியில் கருகிய மரத்துக்குப் பூஞ்சாண மருந்து அடித்தால் செலவுதான் மிச்சம்.

1. தள்ளி நின்று பாருங்கள். பேரி, பிளம்ஸ், வேலியோரச் செடி என எல்லாம் ஒரே சமயத்தில் கருகினால் உறைபனி, களைக்கொல்லிச் சாரல், தீச்சூடு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே வகை மரத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் அடுத்தடுத்த மரத்துக்குப் போனால் பூஞ்சாணமோ பூச்சியோ இருக்கலாம்.

ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஓடையோர மரம் கருக, மேட்டு மரம் தப்புவது அதனால்தான். கருகிய கொம்பை உடனே வெட்ட வேண்டாம். வெட்டினால் துளிர் கிளம்பும், அடுத்த பனியில் அதுவும் போகும். பனிக்காலம் முடிந்து துளிர்த்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

2. பட்டையைச் சுரண்டுங்கள். கத்தியால் நகமளவு போதும். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால், பச்சை தெரியும் வரை கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். கிளையில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் மரப்பாசி நோயல்ல. ஈரக்காற்று உள்ள இடத்தில் அது வளரத்தான் செய்யும்.

3. அடிமரத்தைத் தோண்டுங்கள். அவசரத்தில் விட்டுவிடுகிற படி இது. சரிவில் மழை அடித்துவந்த மண் தண்டை மூடினால் பட்டை மூச்சுமுட்டி அழுகும். வேர் பிரியும் இடம் தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். பட்டைக்கடியில் வெள்ளைப் பூஞ்சாணப் படலம் இருந்தால் வேரழுகல். பட்டர் ஃப்ரூட் மரத்தில் நீர் தேங்கிய பிறகுதான் வேரழுகல் பெரும்பாலும் வரும். அங்கே மருந்தைவிட வடிகால் முக்கியம்.

கொடைக்கானல் கீழ்மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களில் தண்டில் வரப்புபோலப் புடைப்பு தெரிந்தால் அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டின் வேலை. நிழல் குறைந்து வெயில் படும் அராபிகா வகைக் காப்பிச் செடியைத்தான் வண்டு தேடும். பூச்சி உள்ள செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, நிழல் மரத்தையும் சரிபாருங்கள்.

4. பூஞ்சாணம் என்று உறுதியானால் மட்டும் போர்டோ கலவை. 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட் எனும் தாமிர உப்பு) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் தலா 5 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கியபடியே துத்தக் கரைசலை அதில் ஊற்றுங்கள். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்குங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்போடு சேராத துத்தம் மிச்சமிருக்கிறது, அப்படியே அடித்தால் இலை வெந்துபோகும். இன்னும் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும்.

பீச் மரத்து இலைச் சுருட்டல் என்ற பூஞ்சாண நோய்க்கு இந்தக் கலவையை இலை மொட்டு விரியும் முன் அடிக்க வேண்டும். இலை சுருண்டபின் அடித்தால் அந்த ஆண்டுக்குப் பலனில்லை, தாமிரம் இளம் இலையைச் சுட்டும்விடும்.