மூப்படைந்த செல்களில் ஒளியும் ஒலியும்: ஆரம்பத்தில் சறுக்கும் இடங்கள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒரு வரைபடத்தோடு ஓடி வந்தார். மூப்படைந்த செல்லை நீலமாகக் காட்டும் சோதனையில், ஒளி படாத தட்டில் நூற்றுக்கு 40 செல்கள் நீலம், சிவப்பு ஒளி பட்ட தட்டில் 25. "மூப்பு குறைஞ்சிடுச்சு மேடம்" என்றார், முகமெல்லாம் மலர்ச்சி. அதே வரைபடத்தை ஒரு காலத்தில் நானும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதை நம்பி எனக்கு எட்டு மாதம் போனது.

மருந்தோ ஊசியோ கத்தியோ இல்லாமல், ஒளி, ஒலி, மின்துடிப்பு, காந்தப்புலம் இவற்றைக் கொண்டு மூப்படைந்த செல்களை மாற்ற முடியுமா என்பதுதான் எங்கள் வேலை. மூப்படைந்த செல் செத்த செல் அல்ல. பிரிவதை நிறுத்திவிட்டு, உயிரோடு இருந்தபடி, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுற்றிலும் கசியவிடும் செல். தட்டில் பெயர் எழுத மறப்பது, கிருமி புகுந்ததைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை இரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

சதவீதத்தை நம்புவது

தட்டில் 100 செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 40 மூப்படைந்தவை, 60 இளையவை. சிவப்பு ஒளி இளம் செல்களை வேகமாகப் பிரிய வைக்கக்கூடியது. அந்த 60 இப்போது 120 ஆகிறது. மூப்படைந்த 40 அப்படியே 40. மொத்தம் 160, அதில் 40 என்றால் நூற்றுக்கு 25. மாணவியின் எண் வந்துவிட்டது! ஆனால் மூப்படைந்த செல் ஒன்றுகூடச் சாகவில்லை, ஒன்றுகூட இளமைக்குத் திரும்பவில்லை.

நான் இதே சோதனையை மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே பலன் வந்ததால் உறுதி கூடியது. எலிகளில் செய்யத் திட்டம்கூடப் போட்டாகிவிட்டது. அப்புறம் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மொத்தம் எத்தனை செல்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படங்கள் எல்லாம் கணினியில் இருந்தன, நான்தான் விகிதத்தை மட்டும் கணக்கிட்டு வைத்திருந்தேன். அன்று மாலையே உட்கார்ந்து எண்ணினேன். நீலச் செல்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதான். எட்டு மாத வேலையின் உண்மை ஒரு மாலை நேரத்தில் தெரிந்தது. இன்றும் வெறும் சதவீதத்தோடு யாராவது படம் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைத் தவிர்ப்பது அவ்வளவு சுலபம்.

முதலில் ஒவ்வொரு தட்டிலும் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். அடுத்து, கலப்புத் தட்டை விட்டுவிட்டு, கதிர்வீச்சால் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, பத்து நாள் காத்திருந்து, ஏறக்குறைய எல்லாச் செல்களும் மூப்படைந்த தட்டில் தொடங்குங்கள். மூன்றாவது, ஒரே செல்லை நாட்கணக்கில் வீடியோவில் தொடருங்கள். நின்றுபோன செல் கண்ணெதிரே பிரிந்தால் அது வேறு கதை. செல் ஆய்வாளர் மைக்கேல் ஷீட்ஸ் குழுவினர் தாழ் அதிர்வெண் மீயொலியால் (காதுக்குக் கேட்காத ஒலி) அப்படி மீண்டும் பிரிய வைத்ததாக எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: புற்றாக மாறாமல் இருக்கத்தான் பல செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. சேதமான டி.என்.ஏ.வோடு ஒரு செல் திரும்பவும் ஓடத் தொடங்குவது நல்லதா?

நீலம் என்றால் மூப்பு என்று முடிவு கட்டுவது

இந்த நீலச் சோதனை 1995-இல் வந்தது. பி.எச். 6.0 என்ற அமிலத்தன்மை அளவில் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்சைம் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த தட்டும் நீலமாகும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் நீலமாகும். செல் பிரிவைத் தடுக்கும் பி16, பி21 புரதங்கள் கூடியிருக்கின்றனவா, செல்லின் உட்கருவைத் தாங்கும் லேமின் பி1 புரதம் குறைந்திருக்கிறதா, அழற்சிப் புரதங்கள் கசிகின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பீட்டுத் தட்டை (ஒளியோ ஒலியோ கொடுக்காத தட்டை) இன்குபேட்டரிலேயே, அதாவது செல் வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியிலேயே விடுவது

விளக்கும் சூடாக்கும், மீயொலியும் சூடாக்கும். சில டிகிரி கூடினாலே செல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். நீங்கள் அளந்தது ஒளியையா, சூட்டையா? ஒப்பீட்டுத் தட்டும் அதே மேசைக்கு, அதே நேரம் வெளியே வர வேண்டும். வெறுமனே சூடாக்கிய தட்டு இன்னொன்றும் வேண்டும்.

கூடக் கொடுத்தால் கூடப் பலன்

இல்லை. ஒளியின் அளவு மீறினால் பலன் மங்கும், தலைகீழாகவும் திரும்பும்.

மீயொலிக் கருவியின் முனைக்கும் தட்டுக்கும் நடுவே காற்று

ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஜெல் தடவுங்கள்.

எல்லா மூப்படைந்த செல்லையும் எதிரியாகப் பார்ப்பது

காயம் ஆறும்போது தோலில் இவை கொஞ்ச காலம் தோன்றி, ஆற உதவுகின்றன. 2014-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அவற்றை நீக்கியபோது காயம் மூடத் தாமதமானது. எந்தத் திசுவில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் விளக்கைப் போடாதீர்கள்.

மாணவி மறுநாள் எல்லாப் படங்களையும் முழுசாக எண்ணினார். நீலச் செல்கள் இரண்டு தட்டிலும் ஏறக்குறைய சமம். இப்போது கதிர் கொடுத்து மூப்படைய வைத்த தட்டுகள் இன்குபேட்டரில் இருக்கின்றன. பத்தாவது நாள் காலையில் ஒளி கொடுக்கப் போகிறார்.