பழைய வீட்டை அளந்த பிறகு புது வீடு தேடுங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருந்த வீடு, என் மாமனார் 1974-ல் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி மனை) கட்டியது. கல்யாணமாகி 1991-ல் நான் அங்கே போனேன். மாமனார் காலமானபின் பிள்ளைகள் நான்கு பேருக்கும் பங்கு என்றானது. ஒரு கிரவுண்டு வீட்டை நாலாக வெட்ட முடியாது, விற்றுத்தான் பிரிக்க வேண்டும். இதில் எனக்கு யார் மீதும் குறையில்லை. 86 வயது அத்தையையும் (என் மாமியார்) கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்க்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. ஏழு மாதத்தில் 31 வீடுகள் பார்த்தோம். முதல் மூன்று மாத அலைச்சல் அத்தனையும் வீண்.

எல்லோரையும் போல, இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், லிஃப்ட், கார் நிறுத்த இடம் என்று தரகரிடம் சொல்லிவிட்டுத் தேடினோம். அவர் காட்டிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "நம்ம வீடு மாதிரி இல்லையே" என்று திரும்பி வந்தோம். ஒருநாள் என் நாத்தனார் கேட்டாள்: "நம்ம வீடு மாதிரின்னா எது மாதிரி அண்ணி? கிணறா, திண்ணையா, எது வேணும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றோடு வீடு பார்ப்பதை இரண்டு வாரம் நிறுத்தினோம். இருந்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்தோம்.

நீங்களும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நோட்டும் அளவு நாடாவும் போதும். யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். எங்கள் நோட்டில் இருந்தது இது: சாயங்காலம் நாலு மணிக்கு அத்தை கிழக்குத் திண்ணையில் கீரை ஆய்கிறார், தெருவில் போகிறவர்கள் நின்று பேசுகிறார்கள். என் கணவர் விடியற்காலையில் சமையலறை வாசலில் பேப்பர் படிக்கிறார். பையனுக்கு வீட்டிலிருந்தே வேலை, சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். பெரிய அண்டாவையும் இட்லிப் பானையையும் நான் கொல்லைக் குழாயடியில் தேய்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை விளக்குப் போடாமல் குளியலறைக்குப் போய் வருகிறார். கட்டிலிலிருந்து இறங்கி, இடது கையால் சுவரைப் பிடித்து, ஒன்பது அடி. நடுவில் படி கிடையாது.

இந்த ஐந்து வரியை எழுதியதும் தேடல் மாறிவிட்டது. திண்ணை அடுக்குமாடியில் கிடைக்காது. ஆனால் சாயங்கால வெயில் படாத, ஆட்கள் நடமாட்டம் தெரிகிற பால்கனி கிடைக்கும். அதனால் மேற்குப் பார்த்த பால்கனியும் இரண்டாவது மாடிக்கு மேலும் வேண்டாம் என்று தரகரிடம் சொன்னோம். அண்டா தேய்க்கக் குழாயுள்ள சர்வீஸ் பால்கனி வேண்டும். அத்தையின் கட்டிலிலிருந்து குளியலறை இடது கைப் பக்கம், பத்தடிக்குள், நடுவில் படி இல்லாமல் இருக்க வேண்டும். தரகர் என்னை விநோதமாகத்தான் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு பார்த்த வீடுகள் ஒன்பதுதான்.

கிணறும் மாமரமும் வராது. அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிவிடுங்கள். அத்தையிடம் மறைத்து மறைத்துப் பேசிக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. அவரே ஒருநாள் "கிணத்தைப் பேத்து எடுத்துட்டா போக முடியும்? நடக்கறதைப் பாருங்க" என்றார்.

பிடித்த வீட்டை ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போனால் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும். மெட்ரோ வாட்டர் எத்தனை மணி நேரம், போர் தண்ணீர் உப்பா, 2019 கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். மேல்மாடி வீடானால் மே மாதத்து மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் போக வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விற்கிறவரிடம் கேட்பதைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். அவருடைய வண்டி நின்ற இடம் அது, அவருக்கு மறக்காது. ஒருவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டோம்.

அப்புறம் பத்திரங்கள். இங்கே ஒரு தடவை சறுக்கினோம். ஒரு வீடு பிடித்த வேகத்தில் 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். பிறகு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பார்த்தால், அசல் பத்திரம் அடமானத்தில் இருந்தது. பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்த்துவிட்டு, மூலப்பத்திரம், பட்டா, அங்கீகரித்த வரைபடம் மூன்றையும் வக்கீலிடம் காட்டியபிறகே ஒரு ரூபாயானாலும் கொடுங்கள். அடுக்குமாடி என்றால் உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். 2,400 சதுர அடி மனையில் ஆறு சம வீடுகள் என்றால் ஆளுக்கு 400 வர வேண்டும், குறைந்தால் ஏன் என்று கேட்கலாம். புதுக் கட்டடமானால் இன்னொன்று: 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் கட்டுவதற்கு ரெரா பதிவு (கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் பதிவு) கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 446 சதுர மீட்டர். நம் பக்கத்துச் சின்ன அடுக்குமாடிகள் பல இதில் அடங்கிவிடும். அங்கே உங்கள் கண்ணும் வக்கீலும்தான் காவல்.

பணத்தில் எல்லோரும் மறப்பது பதிவுச் செலவு. நாங்கள் வாங்கியது மறுவிற்பனை வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கிக் கடனில் இது பொதுவாக வராது, கையில் இருக்க வேண்டும். பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிச்சலுகை வேண்டுமானால், விற்ற நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் முடியாவிட்டால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். நல்ல ஆடிட்டரை முதலிலேயே பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் காலி செய்து சாவி கொடுக்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு நாலு மாதம் கிடைத்தது, அதனால்தான் அவசரத்தில் எதையோ வாங்கவில்லை.

ஆடியில் வீடு பாருங்கள். குடிபோகிறவர்கள் குறைவு, விற்கிறவர்கள் நின்று பேசுவார்கள். எங்களுக்கு நங்கநல்லூர் வீடு ஆடியில்தான் அமைந்தது. முன்பணம் கொடுத்ததும் கொல்லைக் கறிவேப்பிலை மரத்தடியில் வெடித்திருந்த மூன்று பக்கக் கன்றுகளை வேரோடு தொட்டியில் வைத்தேன். வீடு மாறும்போது இரண்டு பிழைத்திருந்தன. ஊஞ்சல் பலகைக்குக் கூரையில் கொக்கி போட முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டுத்தான் எடுத்துப் போனோம். அத்தையின் டாக்டரை மாற்றவில்லை. பக்கத்திலிருக்கும் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் மாம்பலம்.

ஐப்பசியில் பால் காய்ச்சினோம். சாமான் எல்லாம் மூட்டையாகக் கிடக்க, அத்தையின் கட்டிலை மட்டும் அன்றே போட்டுவிட்டோம், குளியலறை இடது கைப் பக்கம் வருகிற மாதிரி. பகலில் நாலு தடவை கையைப் பிடித்து நடத்திக் காட்டினேன். எட்டு அடிதான் வந்தது.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மணி சுமாருக்குக் கட்டில் கிரீச்சிட்டது. சுவரில் வளையல் உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம், மறுபடியும் வளையல் உரசல், பிறகு கட்டில். விளக்குப் போடவே இல்லை.