மெஷினில் இறகு தைக்க எந்த நூல்? எண் பார்த்து எடுக்கும் முறை

போன வருஷம் தங்கை மகளுக்காக ஒரு குட்டி குவில்ட் தைத்தேன், இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. 40 அங்குலச் சதுரம், வெண்ணெய் நிறத் துணி, நடுவில் வட்டமாக, தையல் கோட்டாலேயே போட்ட ஓர் இறகு டிசைன் மாலை. வரைந்தது நன்றாக வந்தது, தையலும் ஓரளவு ஒழுங்காகவே விழுந்தது. ஆனால் முடித்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தால், நடுத்தண்டு மட்டும் கயிறு திரித்து ஒட்டியது போல விறைப்பாக நின்றது. ஒவ்வொரு மடலும் தண்டைத் தொடுகிற இடத்தில் நகம் தட்டியது. பச்சைக் குழந்தை படுக்கிற துணி அது. இரண்டு நாள் மாலை உட்கார்ந்து சீம் ரிப்பரால் மொத்த மாலையையும் பிரித்தேன்.

கோளாறு என் கையில் இல்லை, நூலில் இருந்தது. அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபீட் டாக்கை (துணியை நகர்த்தும் பற்களை) இறக்கி, டார்னிங் ஃபுட் மாட்டி, துணியைக் கையால் ஓட்டத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இறகின் நடுவே ஓடும் கோடு தண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து கிளம்புகிற ஒவ்வொன்றையும் குவில்ட் தைப்பவர்கள் ‘ப்ளூம்’ என்பார்கள். எனக்கு அது காது மடல் போலவே தெரிவதால் மடல் என்றே எழுதுகிறேன்.

முதலில்: எந்த வகை இறகு?

நூலைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். இறகு கைத்தையலில் பிறந்த டிசைன். வட இங்கிலாந்திலும், பிறகு அமெரிக்காவில் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவச் சமூகத்தார் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் தைத்தார்கள். கையால் தைக்கும்போது ஒரு மடலை முடித்ததும் ஊசியைத் துணிக்குள்ளே, பஞ்சுக்கு நடுவில் நுழைத்து அடுத்த மடல் ஆரம்பிக்கிற இடத்தில் எடுத்துவிடலாம். மேலே ஒன்றும் தெரியாது. மெஷின் ஊசியால் அது முடியாது. நூலை அறுக்காமல் அடுத்த மடலுக்குப் போகவேண்டும் என்றால், தைத்த கோட்டின் மேலேயே திரும்ப நடக்க வேண்டும்.

வழக்கமான முறை இதுதான்: தண்டிலிருந்து ஏறி, மடலைச் சுற்றி, தண்டுக்கு இறங்குகிறோம். பிறகு இறங்கின கோட்டிலேயே பாதி வரை ஏறி, அங்கிருந்து அடுத்த மடலுக்குப் பிரிகிறோம். அப்படியானால் ஒவ்வொரு மடலின் அடிப்பாதியிலும் நூல் இரண்டு அடுக்கு. தண்டைத் தொடும் முனையில் தண்டின் கோடும் சேர்ந்து மூன்று அடுக்கு. நகம் தட்டியது இங்கேதான்.

இன்னொரு முறையில், மடலுக்கும் மடலுக்கும் நடுவே ஒரு நெல் அகலம் இடைவெளி விட்டு, தண்டில் மட்டும் தொட்டுக்கொண்டு போகலாம். திரும்ப ஏறுவதே கிடையாது. புதிதாகத் தைப்பவர்கள் இதில் ஆரம்பிப்பது நல்லது. நூல் கொஞ்சம் பருமனாக இருந்தாலும் இது தாங்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒரே கோட்டின் மேல் எத்தனை தடவை போகப்போகிறீர்கள்?

அடுத்து: நூல்கண்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

‘இறகுக்கு 50 வெயிட் நூல் எடு’ என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் 50 என்று போட்டிருந்ததைத்தான் எடுத்தேன். எண் கூடக் கூட நூல் மெலிசு. நெசவு பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 40-ம் நம்பரைவிட 80-ம் நம்பர் சன்னம் என்பது தெரிந்ததுதான். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர்.

ஆனால் தையல் நூல் ஒற்றை இழை இல்லை. இரண்டு இழையையோ மூன்று இழையையோ சேர்த்து முறுக்கியது. நான் வாங்கியதன் அடியில் பொடி எழுத்தில் 50/3 என்று இருந்தது. அதாவது 50-ம் நம்பர் இழை மூன்று. எல்லாரும் மனதில் வைத்துச் சொன்னது 50/2, இரண்டு இழை. முன்னால் இருக்கும் எண் ஒன்றுதான், பருமன் ஒன்றில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க டெக்ஸ் கணக்கு உதவும். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுவே டெக்ஸ். இதில் எண் கூடினால் நூல் பருமன். பருத்திக்கு, 590-ஐ நம்பரால் வகுத்து, இழை எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். 50/2 என்றால் ஏறக்குறைய 24 டெக்ஸ். 50/3 என்றால் 35. ஒரே ‘50’-க்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வித்தியாசம்!

பாலியெஸ்டர் நூலில் ‘வெயிட்’ என்று போட்டிருந்தால் கணக்கு வேறு. 1000-ஐ வெயிட்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 40 வெயிட் 25 டெக்ஸ். 60 வெயிட் சுமார் 17. 100 வெயிட் 10. அதாவது 40 என்று போட்ட பாலியெஸ்டர், 50/3 என்று போட்ட பருத்தியைவிட மெலிசு. எண்ணை மட்டும் பார்த்து எடுத்தால் தலைகீழாகிவிடும்.

என் தண்டில் மூன்று அடுக்கு 35, மொத்தம் 105 டெக்ஸ். அதே இடத்தில் 60 வெயிட் மூன்று அடுக்கு போட்டிருந்தால் 51 தான். பிரித்த குவில்ட்டை அப்படித்தான் திரும்பத் தைத்தேன். இப்போது தடவினால் பஞ்சின் மேடு மட்டும்தான் கைக்குத் தெரிகிறது.

எதை எடுப்பது: என் தேர்வு

கடைக்காரர் வேறு சொல்லலாம். நான் தைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

மடல் இரண்டு அங்குலத்துக்கு மேல், திரும்ப ஏறும் முறை: 50/2 பருத்தி. நான் வைத்திருப்பது ஆரிஃபில், ஆரஞ்சு ஸ்பூல். பருத்தித் துணியில் அடங்கி உட்காரும், பளபளப்பு இல்லை. ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

மடல் ஓர் அங்குலமோ அதற்கும் சின்னதோ: 60 வெயிட் பாலியெஸ்டர். சுப்பீரியரின் பாட்டம் லைன் இந்த வகை. பாபினுக்கென்று வந்த நூல் என்பார்கள், மேலேயும் அருமையாக ஓடுகிறது.

இறகுக்குப் பின்னால் நெருக்கமாகக் கூழாங்கல் வடிவம், கோடு என்று தைத்து நிரப்பப்போகிறீர்களா? அந்த நிரப்பலுக்கு 100 வெயிட். வொண்டர்ஃபிலின் இன்விசாஃபில் அல்லது 100 வெயிட் பட்டு. பின்னணி தட்டையாகிவிடும், இறகு உப்பி எழும். இறகின் அழகு பாதி இந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது.

40 வெயிட்டை, நடுவே இடைவெளி விடும் பெரிய இறகுக்கு மட்டும் எடுக்கிறேன். நூலே கண்ணுக்குத் தெரிய வேண்டும், கோடு பேச வேண்டும் என்கிற இடத்தில் அதற்கு இணை இல்லை. அதைவிடப் பருமனான 28 வெயிட்டும் 12 வெயிட்டும் இறகுக்கு வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத நரம்பு போன்ற மோனோஃபிலமென்ட் நூலை நான் எடுப்பதில்லை. வெளிச்சத்தில் மினுக்குகிறது. நைலான் என்றால் இஸ்திரிச் சூட்டில் உருகும், நாளானால் மஞ்சளித்து ஒடியவும் செய்யும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பாலியெஸ்டரில் எடுங்கள்.

ஊசி, பாபின், டென்ஷன்

டாப்ஸ்டிட்ச் ஊசி வாங்குங்கள். காது பெரிது, பள்ளம் ஆழம், நூல் உரசாது. 40 வெயிட்டுக்கு 90/14, 50/2-க்கு 80/12, 60-க்கும் 100-க்கும் 70/10. மெல்லிய நூலுக்குப் பெரிய ஊசி போட்டால் துளை திறந்தே நிற்கும்; நூல் அதை நிரப்பாது.

பாபினில் மேல் நூலின் பருமனோ அதைவிட மெலிசோ. மேலும் கீழும் ஒரே நிறம் இருக்கட்டும். டென்ஷன் கொஞ்சம் பிசகினாலும் புள்ளி தெரியாது. மெல்லிய நூலுக்கு மேல் டென்ஷனைக் குறைத்தே ஆரம்பியுங்கள், அரை அரை எண்ணாக.

மடலின் தலை வளைவில், பின்பக்கம் மட்டும் கண்ணிமை முடி போல நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறதா? டென்ஷனைத் தொடும் முன் கையைப் பாருங்கள். வளைவில் கை வேகமெடுக்கும், மெஷின் அதே வேகத்தில் ஓடும். அங்கே கையை நிதானப்படுத்தினாலே பாதி சரியாகிவிடும்.

தையல் நீளமும் நூலோடு மாறும். 40-க்கு அங்குலத்துக்கு 9, 10 தையல் அழகு. 60-க்கும் 100-க்கும் 12, 13 போட்டால்தான் வளைவு உடையாமல் வரும்.

சோதனைத் துண்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

குவில்ட்டில் என்ன துணி, என்ன பஞ்சோ அதே துணி, அதே பஞ்சில் பத்து அங்குலத் துண்டு ஒன்று. அதில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று இறகு, மூன்று நூலில். ஒவ்வொன்றிலும் ஆறு மடலாவது வேண்டும், வேண்டுமென்றே திரும்ப ஏறுங்கள்.

தைத்ததும் மூன்று காரியம். கண்ணை மூடிக்கொண்டு தண்டைத் தடவுங்கள். பிறகு சுவரில் குத்தி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கடைசியாக, தண்ணீரில் அலசிக் காயப்போட்டு மறுபடி தடவுங்கள். பருத்திப் பஞ்சு சுருங்கும்போது மெல்லிய நூல் உள்ளே புதைந்து காணாமல் போகும். பருமன் நூல் அப்போதும் மேலேயே நிற்கும்.

திரும்ப ஏறும்போது பழைய கோட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகுவது எல்லாருக்கும் நடக்கும். 40 வெயிட்டில், அழுத்தமான நிறத்தில் அது ரயில் தண்டவாளம் போல இரண்டு கோடாகத் தெரியும். 60-ல் துணி நிறத்திலேயே எடுத்தால், இரண்டு கோடும் ஒரே பள்ளத்தில் படுத்துவிடும். கை பழகும் வரை இந்த நூல் உங்களைக் காப்பாற்றும்.

நிறம் பார்க்கும்போது நூல்கண்டைத் துணி மேல் வைத்துப் பார்க்காதீர்கள். ஒற்றை இழையைப் பிரித்துத் துணியில் போட்டுப் பாருங்கள். கண்டில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் ஒற்றை இழையில் வெளுப்பாக இருக்கும்.

பின்சேர்க்கை 1

கோவையிலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தார்: “அக்கா, நீங்க 100 சொன்னீங்க, நான் அதைவிட மெலிசா 120 வாங்கினேன். ஆனா கயிறு மாதிரிதான் வருது, ஏன்?”

அவர் வாங்கியது தையல்காரர் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் நூல். அதில் போட்டிருப்பது டிக்கெட் நம்பர், வெயிட் இல்லை. டிக்கெட்டை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய வெயிட். 120 டிக்கெட் என்பது 40 வெயிட்தான். 180 டிக்கெட் கேட்டு வாங்குங்கள், அது 60-க்குச் சமம். எம்பிராய்டரி நூலில் 120 டெனியர், இரண்டு இழை என்று இருந்தால் அதுவும் 40 வெயிட். 75 டெனியர், இரண்டு இழை என்றால் 60. டெனியரை இழை எண்ணிக்கையால் பெருக்கி 9-ஆல் வகுத்தால் டெக்ஸ் வந்துவிடும். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் டெக்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

பலநிற நூலில் இறகு தைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இடைவெளி விடும் இறகு என்றால் தாராளமாக. திரும்ப ஏறும் இறகுக்கு வேண்டாம். இறங்கும்போது பச்சை, அதே கோட்டில் ஏறும்போது மஞ்சள் என்று விழும். எவ்வளவு துல்லியமாக ஏறினாலும் இரண்டு கோடு எனக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்சேர்க்கை 3

100 வெயிட் நூல் ஸ்பூலிலிருந்து வழிந்து அடியில் சுற்றிக்கொண்டு அறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்பூல் மேல் வலை உறை ஒன்று மாட்டுங்கள். ஸ்பூலைப் படுக்கை வசத்திலிருந்து நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், அல்லது நிமிர்ந்திருந்தால் படுக்க வையுங்கள். நூல் சுற்றியிருக்கும் விதத்தைப் பொறுத்து ஏதாவது ஒன்று ஒத்துவரும். ஆரம்பத்திலும் முடிவிலும் ஏழெட்டுத் தையல் மிக நெருக்கமாகப் போடுங்கள், மெல்லிய நூல் நழுவிப் பிரியாது. நான் நூல் முனைகளை முடிச்சிட்டு, கை ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் இழுத்துவிடுகிறேன்.