காசு போகாமல் கேண்டி க்ரஷ்: போனிலும் ஆட்டப் பலகையிலும் செய்ய வேண்டியவை

குக்கர் விசில் வரும் வரை, பள்ளி வேன் திரும்பும் வரை, நைட் டியூட்டியில் ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவில் என்று பல பெண்களுக்கு ஓய்வு துண்டு துண்டாகத்தான் வாய்க்கிறது. மூன்று மிட்டாயைச் சேர்த்து உடைக்கும் கேம்கள் அந்தத் துண்டுக்குள் அடங்கும்படி கட்டப்பட்டவை. ஒரு லெவல் இரண்டு மூன்று நிமிடம். பாதியில் அழைப்பு மணி அடித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம். எதிரில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். 2001-ல் பிஜுவெல்டு, 2012-ல் கேண்டி க்ரஷ் சாகா என்று இந்த வகை வளர்ந்ததில் பெண்களின் பங்கு பெரியது. அமெரிக்காவில் கேம் நிறுவனங்களின் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் ஆடுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்று இன்னமும் சொல்பவர்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

இலவசமாக இறங்கும் கேம் நம்மிடம் சம்பாதிப்பது மூன்று வழியில்: பொறுமை தீரும் நேரம் பார்த்து பூஸ்டர் (லெவலைத் தாண்ட உதவும் கூடுதல் சக்தி) விற்பது, விளம்பரம் காட்டுவது, நம்மைப் பற்றிய விவரத்தைச் சேர்ப்பது. மூன்றையும் முதல் நாளே அடைத்துவிட்டால் வருடக்கணக்கில் ஓசியில் ஆடலாம்.

பணத்துக்குப் பூட்டு

ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ் உள்ளே போய் ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்பதைத் தேடி, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கேட்கும்படி வையுங்கள். பழைய போனில் இதுவே ‘ஆதென்டிகேஷன்’ என்ற பெயரில் இருக்கும். கைரேகையை விட பாஸ்வேர்டே மேல். வீட்டுப் போனில் மகனுடைய விரலும் பதிந்திருந்தால் அவன் விரல் பட்டாலும் பூட்டு திறந்துகொள்ளும்.

அடுத்து, அதே படத்தைத் தொட்டு ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘பேமெண்ட் மெத்தட்ஸ்’. அங்கே கார்டோ யுபிஐயோ சேமித்து வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே பட்ஜெட் என்று ஒரு வசதியும் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். அது தொகையை நினைவூட்டுமே தவிர வாங்குவதைத் தடுக்காது. செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ரூ.100-க்கு ஒரு ரீடீம் கோடு (ப்ளே ஸ்டோரில் பணமாகப் பயன்படும் குறியீடு) வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான், வங்கிக் கணக்கை யாரும் தொட முடியாது.

ஐபோனில் செட்டிங்ஸ், ஸ்க்ரீன் டைம், கன்டென்ட் அண்ட் ப்ரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்று போய் ‘இன் ஆப் பர்ச்சேசஸ்’ என்பதை அனுமதிக்காதபடி வைத்தால் போதும்.

ஆட்டம்

காசு போகும் இடம் தோற்ற பிறகு வரும் திரை. இன்னும் ஒரே ஒரு ஜெல்லி (உடைத்துத் தீர்க்க வேண்டிய கட்டம்) பாக்கி, மூவ் தீர்ந்துவிட்டது, ஐந்து மூவ் கூடுதலாகத் தருகிறேன் என்று பெரிய பட்டன் ஒன்று முன்னால் வந்து நிற்கும். வெளியேறும் பெருக்கல் குறி மூலையில் சின்னதாக இருக்கும். அந்தத் திரைக்கே அடிக்கடி போகாமல் ஆடக் கற்பதுதான் உண்மையான சிக்கனம்.

நான்கு ஒரே நிற மிட்டாய் ஒரே வரிசையில் சேர்ந்தால் கோடு போட்ட மிட்டாய். ‘எல்’ அல்லது ‘டி’ வடிவத்தில் ஐந்து சேர்ந்தால் பொட்டலம் கட்டிய மிட்டாய். அது இரண்டு தடவை வெடிக்கும். நேர்வரிசையில் ஐந்து சேர்ந்தால் கலர் பாம். இவ்வளவும் பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது கோட்டின் திசை. கடைசியாக நகர்த்திய மிட்டாய் மேலும் கீழுமாக நகர்ந்திருந்தால் கோடு நெடுக்காக விழுந்து முழு நெடுவரிசையையும் துடைக்கும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் கிடைவரிசையைத் துடைக்கும். ஓரத்தில் மாட்டிக்கொண்ட ஜெல்லிக்கு எந்தத் திசை வேண்டும் என்று பார்த்துத்தான் நான்கைச் சேர்க்க வேண்டும்.

ஒன்றைத் தனியாக வெடிப்பதை விட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து இடம் மாற்றுவதில்தான் லாபம். கோடும் பொட்டலமும் சேர்ந்தால் மூன்று கிடைவரிசை, மூன்று நெடுவரிசை காலி. கலர் பாமும் கோடும் சேர்ந்தால் அந்த நிறத்து மிட்டாய் எல்லாமே கோடு போட்டதாக மாறி வெடிக்கும். இரண்டு கலர் பாம் சேர்ந்தால் பலகை முழுதும் ஒரு சுற்று அடிபடும்.

கீழே உடைத்தால் மேலே இருப்பவை சரிந்து தானாகவே சில சேர்க்கைகள் அமையும் என்பதால் கீழிருந்து ஆடச் சொல்வார்கள். தொடக்கத்தில் அது சரி. ஆனால் மேலே பொட்டலத்துக்குப் பக்கத்தில் கோட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கும் நேரத்தில் கீழே கிடையாக மூன்றை உடைத்தால் அந்த மூன்று நெடுவரிசையும் ஒரு படி இறங்கும், பக்கத்து வரிசை இறங்காது. ஜோடியில் ஒன்று அந்த மூன்றிலும் மற்றது பக்கத்திலும் இருந்தால் பிரிந்துவிடும். ஆகவே பெரிய சேர்க்கை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அதை அடித்துவிட வேண்டும், அல்லது அதற்கு மேலே மட்டும் ஆட வேண்டும்.

சில நொடி சும்மா இருந்தால் ஒரு சேர்க்கை மினுங்கும். அது இருப்பதில் ஏதோ ஒன்று. உங்களுக்குப் பாக்கி இருக்கும் ஜெல்லியையோ கட்டங்களை அடைத்துக்கொள்ளும் சாக்லேட்டையோ மனதில் வைத்து காட்டப்படுவதில்லை. மினுங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுபவர்களுக்குத்தான் மூவ் சீக்கிரம் தீரும். சாக்லேட் பரவும் லெவலில் வேறு வேலை எல்லாம் அப்புறம். ஒரு மூவில் சாக்லேட் எதுவும் உடையாவிட்டால் அது இன்னொரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பலகை திறந்ததும் பிடிக்கவில்லையா, ஒரு மிட்டாயைக்கூட நகர்த்தாமல் வெளியே வந்துவிடுங்கள். லைஃப் (தோற்றால் ஒன்று குறையும் வாய்ப்பு) போகாது.

லைஃப், நேரம்

மொத்தம் ஐந்து லைஃப். போன ஒன்று திரும்ப அரை மணி நேரம். ஐந்தும் போனால் நிரம்ப இரண்டரை மணி நேரம். எரிச்சலூட்டுவதற்காக வைத்த இந்த இடைவெளி, பார்க்கப் போனால் நமக்குத்தான் நல்லது. ஐந்தும் தீர்ந்ததும் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் தனியாக அலாரம் வேண்டாம். இந்த வேலியை உடைப்பது பரிசாக வரும் ‘அன்லிமிடெட் லைஃப்’. வாங்கிய நொடியில் நேரம் ஓடத் தொடங்கும், வீணாக்கக் கூடாதே என்று உட்கார்ந்துவிடுவோம். அடுப்பில் ஏதாவது இருக்கும்போது அந்தப் பரிசைத் தொடாதீர்கள்.

போன் கடிகாரத்தை முன்னே தள்ளி லைஃப் வாங்கும் தந்திரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வேண்டாம். தேதி தவறு என்று வாட்ஸ்அப் முரண்டு பிடிக்கும், இணையதளங்கள் திறக்காது. கடிகாரத்தைச் சரியாக வைத்த பிறகு அடுத்த லைஃபுக்கு நாள் கணக்கில் காத்திருக்கவும் நேரலாம்.

இன்னும் கட்டுப்பாடு தேவைப்பட்டால் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் உள்ளே அந்தக் கேமுக்கு 30 நிமிட டைமர் வையுங்கள். நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகி நள்ளிரவு வரை திறக்காது. நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள்: கேம் அனுப்பும் செய்தியை அழுத்திப் பிடித்தால் அணைக்கும் வழி அங்கேயே வரும். கட்டைவிரல் வலித்தால் போனை மேசையில் சாய்த்து வைத்து ஆள்காட்டி விரலால் ஆடுங்கள்.

விளம்பரம்

விளம்பரம் குறைய எளிய வழி, டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு ஆடுவது. கேண்டி க்ரஷ் மாதிரி பல கேம்கள் இணையம் இல்லாமலும் ஓடும். பார்த்தால் பரிசு தரும் வீடியோக்கள் மட்டும் வராது. அந்தப் பரிசு வேண்டுமென்றால் வைஃபையில் பாருங்கள், டேட்டா மிஞ்சும்.

விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி சில நேரம் பொய்யானது, தொட்டால் ப்ளே ஸ்டோருக்கு இழுத்துப் போகும். பதறாமல் பேக் அழுத்தித் திரும்புங்கள், இன்ஸ்டால் மட்டும் செய்யாதீர்கள். ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று மிரட்டுபவையும் அப்படியே. குளிரில் நடுங்கும் அம்மாவையும் குழந்தையையும் காப்பாற்றச் சொல்லும் விளம்பரத்தை நம்பி இறக்கினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வழக்கமான மூன்று சேர்ப்பு ஆட்டம்தான். உள்ளே இல்லாத ஆட்டத்தைக் காட்டியதற்காக ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்களை 2020-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது.

பெயரும் படமும்

கணக்கே திறக்காமல் ஆடினால் போன் மாற்றும் நாளில் ஆயிரம் லெவலும் போய்விடும். ஃபேஸ்புக்கில் இணைத்தால் பெயரும் படமும் கூடவே வரும். இரண்டுக்கும் நடுவில், கேமுக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் வைத்துப் பதிவு செய்வது நல்லது. பெயர் செல்லப்பெயராக இருக்கட்டும், படம் ஒரு பூவோ பூனையோ போதும்.

லூடோ கிங் போன்ற கேமில் முகம் தெரியாதவரோடு ஆடும்போது ‘எந்த ஊர்’, ‘வாட்ஸ்அப் நம்பர் தர்றீங்களா’ என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் போட வேண்டாம், ப்ளாக் செய்தால் முடிந்தது. அக்கா துபாயிலும் தங்கை மதுரையிலும் இருந்தால் நண்பர்களோடு ஆடும் வழியில் ஒரு ரூம் திறந்து அதன் கோடை குடும்பக் குழுவில் மட்டும் பகிருங்கள். வெளியாள் நுழைய மாட்டார்.

பணம் கட்டும் ஆட்டம் வேறு

‘ரூ.50 போட்டு ரூ.500 எடுங்கள்’ என்று வரும் ரம்மி, லூடோ லிங்குகள் இந்த வகையே அல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டம் அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமில்லாமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஃபைலாக அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொன்னால் உடனே அழியுங்கள். ஜெயித்த பணம் வாங்க யுபிஐ பின் கேட்டால் அது திருட்டு. பணம் வாங்க பின் தேவையே இல்லை.

பணம் போய்விட்டால்

குழந்தை தெரியாமல் பூஸ்டர் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் ப்ளேயின் ரீஃபண்ட் பக்கத்தில் விண்ணப்பியுங்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் கேம் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ரசீது மின்னஞ்சலில் இருக்கும் ஆர்டர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தா என்றால் கேமை அழித்தால் மட்டும் நிற்காது. ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே போய் கேன்சல் செய்ய வேண்டும். ஏமாற்றிப் பிடுங்கிய பணம் என்றால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு. பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் முடக்கினால்தான் திரும்ப வாய்ப்பு உண்டு.