இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உங்கள் நூல் இரவலுக்கு இருந்தால் செய்ய வேண்டியவை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கும் மின்னூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தம் நூல் முழுவதும் கிடைப்பதைக் காணும் எழுத்தாளர், அது எந்த வழியாக அங்கே வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'பாரோ' (Borrow, அதாவது இரவல் பெறு) என்ற பொத்தான் இருந்தால், அச்சுப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்த கோப்பை, ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில், ஆர்க்கைவ் தானே இரவல் தருகிறது என்று பொருள். பொத்தான் எதுவுமின்றி பிடிஎஃப் நேரடியாக இறங்கினால், பெரும்பாலும் யாரோ ஒரு பயனர் பதிவேற்றியிருப்பார். தமிழ் நூல்கள் பலவும் இந்த இரண்டாம் வழியில்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கொரோனா முடக்கத்தின்போது, 2020 மார்ச் 24 அன்று, ஆர்க்கைவ் அந்த ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டையும் தளர்த்தியது. ஜூன் 1 அன்று ஹாஷெட் உள்ளிட்ட நான்கு பதிப்பகங்கள் ஆர்க்கைவ் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பும், அதை உறுதி செய்த 2024 செப்டம்பர் 4 மேல்முறையீட்டுத் தீர்ப்பும் பதிப்பகங்களுக்கே சாதகமாக அமைந்தன. ஆயினும் நீதிமன்றம் விதித்த தடை, வழக்காடிய பதிப்பகங்களின் நூல்களில் மின்னூலாகவும் விற்பனையில் உள்ளவற்றுக்கே பொருந்தும். அச்சில் மட்டும் வந்த நூலின் ஆசிரியர் அந்தத் தீர்ப்பை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

அடுத்து, ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க வேண்டும். அச்சுரிமையை மட்டும் கொடுத்திருந்தால் மின்னுரிமை உங்களிடமே இருக்கிறது. 1995க்குப் பிறகு செய்த உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுக்கு மட்டுமே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. நம் எழுத்தாளர்களில் பலர் இதை அறியாமலே பதிப்பாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டவர் பதிப்பாளரையே எழுதச் செய்ய வேண்டும்.

நீக்கக் கோரும் அறிவிப்பை, ஆர்க்கைவின் பதிப்புரிமைக் கொள்கைப் பக்கத்தில் தரப்பட்டுள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும். நூலின் பெயர், பதிப்பாண்டு, கோப்பு உள்ள பக்கத்தின் முழு இணைய முகவரி, உங்கள் தொடர்பு விவரம், மின்னணுக் கையொப்பம் ஆகியவற்றோடு, இப்பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என நல்லெண்ணத்துடன் நம்புவதாகவும், தரும் தகவல் சரியானது என்றும், உரிமையாளராக அல்லது அவர் சார்பில் எழுதுவதைப் பொய்ச் சான்றுக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுவதாகவும் அதில் எழுத வேண்டும். கோபத்தை நான்கு பக்கத்துக்கு நீட்டுவதைவிட இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருப்பது மேல். அனுப்புமுன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பதிவேற்றியவர், நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு அனுப்பினால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடராதபோது கோப்பு திரும்பவும் ஏறக்கூடும். இந்தியாவில் முதலில் வெளியான நூலுக்காக அமெரிக்காவில் வழக்குத் தொடர, அங்கே பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

நீக்கப்பட்ட பின்னரும், தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்தில் எழுதக்கூடிய எல்லா வகையிலும் தேடிப் பார்க்க வேண்டும். வேறு பதிப்பின் ஸ்கேன் வேறு முகவரியில் இருந்தால், அதற்குத் தனியாக இன்னோர் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும்.