நைரோபியில் சிறு கடை: எந்த எண்ணில் பணம் வாங்குவது?

நைரோபியில் கடை போட்டால், பெயர்ப்பலகைக்கும் முன்னால் மாட்ட வேண்டியது டில் எண் எழுதிய அட்டை. வாடிக்கையாளர் எம்-பெசாவில் கடைக்குப் பணம் கட்டப் போனில் போடுகிற எண் அது. ஒரு கட்டு கீரை வாங்குகிறவர்கூட "டில் நம்பர்?" என்றுதான் கேட்பார். போன் வழியே பணம் அனுப்பும் சேவையான எம்-பெசாவை கென்யாவின் போன் நிறுவனமான சஃபாரிகாம் 2007 மார்ச்சில் தொடங்கியது. 'பெசா' என்றால் சுவாஹிலியில் பணம். இந்தியாவின் 'பைசா'தான் கடல் தாண்டி அந்த மொழிக்குள் போயிருக்கிறது.

இந்தியாவில் யுபிஐ பழகி வருகிறவர்களுக்கு ஒரு வேறுபாடு சட்டென்று பிடிபடாது. யுபிஐயில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போகிறது. எம்-பெசாவில் பணம் இருப்பது போன் நிறுவனம் உங்கள் பேரில் நடத்தும் கணக்கில், உங்கள் சிம்மோடு சேர்ந்து. வங்கிக் கணக்கே இல்லாதவரும் வாங்கலாம், அனுப்பலாம், தெருமுனை ஏஜென்டிடம் ரொக்கமாக எடுக்கலாம். ஆனால் பல இடங்களில் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களில் பலர் சொந்த போன் எண்ணையே அட்டையில் எழுதி வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். தனி எண்ணுக்கு அனுப்பினால் கட்டணம் வாடிக்கையாளருக்கு. 600 ஷில்லிங் சாமானுக்கு அவர் மேலே 13 ஷில்லிங் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் டில் இருந்தால் அங்கே போய்விடுவார். எம்-பெசாவிலேயே 'போச்சி லா பியாஷாரா' என்று ஒரு வகை இருக்கிறது, வியாபாரப் பை என்று பொருள். வியாபாரப் பணம் வீட்டுப் பணத்தோடு கலக்காமல் தனியே நிற்கும். தள்ளுவண்டி, வீட்டுச் சமையல் என்று தொடங்குகிறவர்களுக்குச் சரி. அதிலும் கட்டணம் அனுப்புகிறவருக்குத்தான்.

நிலையான கடை என்றால் 'லிப்பா நா எம்-பெசா' டில் வாங்குங்கள். வாடிக்கையாளருக்குச் செலவே இல்லை. உங்களிடம் 0.55 சதவீதம் பிடிப்பார்கள். அதே 600 ஷில்லிங்குக்கு 3 ஷில்லிங் 30 காசு. 200 ஷில்லிங் வரையிலான விற்பனைக்கு அதுவும் கிடையாது. டீ, சமோசா, பால் பாக்கெட் விற்கிற கடைக்கு இது பெரிய ஆறுதல். கட்டணப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கையெழுத்துப் போடுகிற அன்று ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பே பில் என்பது வேறு. எண்ணோடு கணக்கு எண்ணும் போட வேண்டும். டியூஷன் நடத்துகிறவர், மாதச் சந்தாவுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர் போல, யார் கட்டினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது உதவும். மளிகைக் கடைக்குத் தேவையில்லை.

போட்டி நிறுவனத்தின் பணச் சேவையான ஏர்டெல் மணிக்கும் தனியாக ஓர் எண் வாங்க வேண்டுமா? முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 2022 முதல் ஏர்டெல் மணி வைத்திருப்பவரும் எம்-பெசா டில்லுக்குப் பணம் கட்ட முடிகிறது. சுவரில் நான்கு எண்களை ஒட்டினால் ராத்திரி நான்கு கணக்கைக் கூட்ட வேண்டும். வாடிக்கையாளரும் எதில் போடுவது என்று குழம்புவார்.

ஈக்விட்டி, கேசிபி போன்ற வங்கிகளும் டில் கொடுக்கின்றன. அதில் விழுகிற பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். எதை எடுப்பது என்பது உங்கள் செலவைப் பொறுத்தது. காய்கறி, பால், முட்டை கொடுக்கிறவர்களுக்கு எம்-பெசாவில்தான் பணம் தருகிறீர்கள் என்றால், எம்-பெசா டில்லில் இருக்கிற பணத்தை அப்படியே திருப்பிவிடலாம். வாடகை, மொத்த வியாபாரி, வங்கிக் கடன் என்று செலவு வங்கி வழியாகவே போகிறது என்றால் வங்கி டில் நல்லது. இல்லாவிட்டால் டில்லிலிருந்து வங்கிக்கு மாற்றுவதற்கும் கட்டணம் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஒரு மாதச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டில்லை உங்கள் தொழிலின் பெயரில் மட்டும் வாங்குங்கள். வேலை அனுமதி, அயல்நாட்டவர் அடையாள அட்டை, கேஆர்ஏ பின் எனும் வரி எண், கவுண்டி நிர்வாகத்தின் வணிக அனுமதி எல்லாம் கைக்கு வர நாளாகும். அதற்குள் "என் பேர்ல எடுத்துத் தரேன்" என்று நல்ல மனதோடு யாராவது சொல்வார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பணம் சட்டப்படி அவருடையது, சிம் அவர் அடையாளத்தில் பதிந்தது, வரிக் கணக்கிலும் அது அவர் வருமானம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பத்தாரிடம் போய் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? என் தெருவில் இப்படி நான்கு மாத வியாபாரத்தை இழந்து ஊருக்குத் திரும்பிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். காத்திருக்கிற நாளில் ரொக்கத்துக்கு மட்டும் விற்கலாமே என்றும் நினைக்காதீர்கள். அனுமதி வரும் முன் கடையையே திறக்கக் கூடாது.

அப்புறம், வாடிக்கையாளர் தன் போனில் காட்டுகிற செய்தியை நம்பிச் சாமானைக் கொடுக்காதீர்கள். மாலை நெரிசலில் ஒருவர் காட்டிய செய்தியைப் பார்த்து ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்தேன். எழுத்து, தொகை, பரிமாற்றக் குறியீடு எல்லாம் அசல் போலவே இருந்தன. என் போனுக்கு எதுவும் வரவில்லை. பணம் வந்ததா என்பதற்குச் சாட்சி உங்கள் போனுக்கு வரும் செய்தியும் உங்கள் டில் கணக்கும் மட்டுமே. "சமஹானி, சுபிரி கிடோகோ" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். 'மன்னிக்கவும், கொஞ்சம் பொறுங்கள்' என்று அர்த்தம். நேர்மையான வாடிக்கையாளர் யாரும் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

டில்லுக்கென்று ஒரு போனை ஒதுக்குங்கள். அதைக் கல்லாவை விட்டு நகர்த்தாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். டில்லின் ரகசிய பின் எண்ணைக் கடைப் பையனிடம் சொல்ல வேண்டியதில்லை, பணம் வந்ததா என்று பார்க்க மட்டும் அவனுக்குத் தனி அனுமதி கொடுக்க வழி இருக்கிறது, டில் வாங்கும்போதே கேளுங்கள். நெட்வொர்க் படுத்துவிடுகிற நாளும் வரும். அதற்காக 50, 100 ஷில்லிங் நோட்டுகளாகக் கொஞ்சம் சில்லறையும், கடன் எழுத ஒரு நோட்டும் கல்லாவில் வைத்திருங்கள்.