மலை வீட்டு வைஃபை: மூடுபனியை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

குன்னூரிலும் ஊட்டியிலும் நெட் மெதுவானால் பழி முதலில் மூடுபனி மேல்தான் விழும். அது பாவம். வைஃபை ஓடுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளில். வீட்டுக்குள்ளும் தோட்டம் வரைக்கும் உள்ள தூரத்தில் அந்த அலைகளுக்குப் பனி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். தடுப்பவை வேறு: பழைய பங்களாக்களின் ஒன்றரை அடி கருங்கல் சுவர், தகரக் கூரை, ஸ்டீல் பீரோ, மழையில் நனைந்த மரக்கிளை. இவற்றோடு அடிக்கடி போகும் கரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கூடிய ரூட்டர் வாங்கும் முன் கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் அளவு

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை ஏற்றி, லொகேஷனை ஆன் செய்யுங்கள். அது ஆஃபில் இருந்தால் ஆப் வெறும் திரைதான் காட்டும். ரூட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீடு பாருங்கள். அங்கேயே மெதுவென்றால் கோளாறு லைனில். கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே வேகம் இருந்தால் ஒவ்வோர் அறையிலும் சிக்னல் எண்ணைக் குறித்து வாருங்கள். எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் சிக்காமல் போகும். மைனஸ் 80ஐத் தாண்டினால் போனில் கோடு தெரியும், வேலை நடக்காது.

அதே ஆப் அக்கம்பக்கத்து வைஃபை எந்தச் சேனலில் (அலைத் தடத்தில்) இருக்கிறது என்றும் காட்டும். சரிவில் அடுக்கடுக்காக வீடு இருக்கும் இடத்தில் மேல் வீடு, கீழ் வீடு இரண்டின் அலையும் உள்ளே வரும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. மூன்றில் கூட்டம் குறைந்ததை ரூட்டர் அமைப்பில் எடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் கருங்கல்லைத் தாண்டாது. ரூட்டர் இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவரைத் தாண்ட கேபிள்

கல் சுவர் வீட்டுக்கு ரிப்பீட்டர் வாங்குவது வீண் செலவு. சுவருக்கு அந்தப் பக்கம் வந்து சேரும் நலிந்த சிக்னலைத்தான் அது திருப்பி அனுப்பும். கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்து, மறுகோடியில் இரண்டாவது ரூட்டர் வைப்பதுதான் தீர்வு. பழைய ரூட்டரே போதும்.

கேபிள் முழுத் தாமிரமாக இருக்கட்டும். தாமிரம் பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் வளைத்தால் உள்ளே முறியும். ஒரு கம்பி விட்டாலும் 1000 எம்பிபிஎஸ் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். லைட் எரிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே 45 பிளக்கை, கிளிப் மறுபக்கமும் தகடு நம் பக்கம் மேலேயும் இருக்கப் பிடித்து, இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை.

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். கேபிள் துளைக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறி உள்ளே நுழையட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதை விட்டால் தண்ணீர் கேபிள் முனையின் பிளக் வரைக்கும் போய்ப் பச்சை பிடிக்கும். வெளியே ஓடும் பகுதியை முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புக்குள் விட்டுச் சுவரோடு கிளாம்ப் அடியுங்கள். தொங்கவிட்ட கேபிள் குரங்குக்கு ஊஞ்சல். முற்றத்தின் குறுக்கே தாழ்வாகப் போனால் காட்டெருமை கொம்பில் மாட்டி மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது ரூட்டரை இணைக்கும் முன் லேப்டாப்பில் தனியாகச் செருகி அமைப்பை மாற்றுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும். இல்லையென்றால் முகவரியை 192.168.1.2 ஆக்கி (முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால்), டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) ஆஃப் செய்து, கேபிளை வான் (WAN) போர்ட்டில் இல்லாமல் லான் (LAN) போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபி இரண்டிலும் ஓடினால் சில போனுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, நாளைக்கு அது மாறும். தலையே வெடிக்கும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. போன் தூரத்து ரூட்டரையே பிடித்துக்கொண்டு விடாவிட்டால் அதன் பவரை மீடியத்துக்குக் குறையுங்கள்.

கரண்டும் இடியும்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் சில ரூட்டர்கள் அணைந்து மறுபடி எழும், வீடியோ கால் போச்சு. 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதைச் சரிசெய்யும். முதலில் அடாப்டரின் அடியில் பாருங்கள்: 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா? 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்தால் எரிந்துபோகலாம். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டு அவுட்புட் வேண்டும். கணக்கு எளிது. 2000 எம்ஏஹெச், 3.7 வோல்ட் செல் மூன்று இருந்தால் சுமார் 22 வாட்-மணி. 8 வாட் இழுக்கும் ரூட்டர், இழப்பு போக, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அட்டையில் பெரிதாக அச்சடித்த எம்ஏஹெச்சை நம்பாமல் வாட்-மணியைக் கேளுங்கள்.

ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இறங்கும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. சேதம் வருவது அடாப்டர் வழியாகவும், இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஓடும் தாமிரக் கேபிள் வழியாகவும். வானம் உறுமத் தொடங்கும் முன்பே இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். அவுட்ஹவுஸுக்கோ ஹோம்ஸ்டே குடிலுக்கோ நிரந்தரமாக இழுப்பதென்றால் அங்கே ஃபைபரும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் தாமிரக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) நல்லது. ஃபைபர் கேபிளில் இரும்புக் கம்பி இருந்தால் அந்தக் கம்பியை மட்டும் வெளிச் சுவரோடு வெட்டி நிறுத்துங்கள். எர்த் இல்லாத பிளக்கில் சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டுவதில் பெரிய பயன் இல்லை.

சாதாரண நாளில் ரூட்டரை ராத்திரி அணைக்க வேண்டாம். அதன் சூடே உள்ளே ஈரம் படியாமல் காக்கும்.

லைனிலேயே கோளாறென்றால்

ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் பாஸ்வேர்டு மாற்றியோ ரீசெட் அழுத்தியோ பயனில்லை. ஒளி வந்து சேரவில்லை. ரீசெட்டைத் தொட்டால் கம்பெனி போட்டுவைத்த அமைப்பும் அழிந்துபோகலாம். மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளையக் கூடாது. லைன்மேன் வந்தால் ஒளியின் அளவு சொல்லும் பவர் மீட்டர் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை சரி. மைனஸ் 27ஐ ஒட்டியிருந்தால் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்கு நிற்கும். ஜாயின்ட்டைப் புதிதாகப் போட்ட பிறகே அவரை அனுப்புங்கள்.